நான்காம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒரு பூஜை

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. எச்.ஆர். பிரிவில் இருக்கும் பெண் பேசினார். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டுமாம். தலைப்பு, மேட்ரிக்ஸ் அமைப்பில் திறம்பட வேலை செய்வது எப்படி. "உங்க அனுபவத்த அப்படியே ஷேர் பண்ணுங்க சார், பசங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றார். நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றார்.

காரணம் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு வந்த கடைசி மதிப்பீட்டில், என்னுடைய இரண்டு அதிகாரிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். மேட்ரிக்ஸ் அமைப்பில் பணியாற்றும் திறனில் மாதையனுக்கு முன்னேற்றம் தேவை என்று இருவரும் எழுதியிருந்தார்கள். அவ்வளவு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கூப்பிட்ட மரியாதைக்காகப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். பூங்கொத்து கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஆனால் அந்தப் பேச்சைப் பதிவு செய்து எல்லா அதிகாரிகளுக்கும் அனுப்புவோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. தொடர்புத் திறன், பரஸ்பர நம்பிக்கை என்று ஏதோ பேசினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடும் குடும்பம் எங்களுடையது. கிருஷ்ணகிரியில் டிப்ளமா முடித்துவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். முதல் சில வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ் பூசினேன், போல்ட் இறுக்கினேன், திட்டு வாங்கினேன். அப்போது எங்களுக்கு ஒரே ஒரு ஃபோர்மேன். அவர் கத்தினால் கேட் வரைக்கும் கேட்கும். ஆனாலும் ஒரு வசதி இருந்தது. யார் திட்டுகிறார், எதற்குத் திட்டுகிறார், என்ன செய்தால் நிறுத்துவார் என்பதெல்லாம் தெரியும். ஒரு மெஷின் சரியில்லை என்று பட்டால், வெறும் பிட்டராக இருந்த நானே அதன் மெயின் சுவிட்சைப் பூட்டி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு போய்த் திட்டு வாங்கினால் போதும்.

பிறகு கம்பெனி பெரிதானது. நானும் பராமரிப்புப் பிரிவில் டெபுடி மேனேஜர் ஆனேன். பெரிய கம்பெனிக்குப் பழைய நிர்வாகம் ஒத்துவராது என்று ஆலோசகர்கள் வந்தார்கள். கோட் போட்ட பிள்ளைகள், நன்றாகத்தான் பேசினார்கள். ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். அதில் என் பெயர் ஒரு கட்டத்துக்குள் இருந்தது. அந்தக் கட்டத்திலிருந்து ஒரு முழுக்கோடு ஓசூரில் இருக்கும் ஆலைத் தலைவருக்குப் போனது. இன்னொரு புள்ளிக்கோடு பெங்களூரில் இருக்கும் பராமரிப்புத் துறைத் தலைவருக்குப் போனது. இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இதற்குத்தான் மேட்ரிக்ஸ் அமைப்பு என்று பெயர். யார் பெரியவர் என்று ஒருவர் எழுந்து கேட்டார். இது பழைய சிந்தனை, இங்கே பெரியவர் சிறியவர் கிடையாது என்று பதில் வந்தது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி சாந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு ஆபீசருன்னா ரெண்டு சம்பளமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சில் அக்கறை காட்டவில்லை.

ஆலைத் தலைவர் பழனிச்சாமி சார் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். அவர் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. எதைக் கேட்டாலும் "பண்ணிரலாங்க" என்பார். அந்தப் பண்ணிரலாங்கவில் பல தினுசு உண்டு. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் நடக்காது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் அடுத்த வருடம் பார்க்கலாம். எழுந்து நின்று சொன்னால் மட்டும் அன்றைக்கே நடக்கும். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது குறைவு.

துறைத் தலைவர் ஹெக்டே சார் வேறு வகை. கன்னடக்காரர், தமிழ் புரியும், பேசவும் செய்வார். எதைச் சொன்னாலும் "நோடோணா மாதையா, டேட்டா குடுங்க" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். டேட்டா கொடுத்தால் அதைவிட நல்ல டேட்டா கேட்பார். அதையும் கொடுத்தால், நம் எல்லா ஆலைகளிலும் இதே நிலைமைதானா என்று கேட்பார். அவரைப் பார்க்க அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். மாநில எல்லையில் போன் சிணுங்கும், கர்நாடகா உங்களை வரவேற்கிறது என்று. அதற்கு மேல் நான் புள்ளிக்கோட்டு ஆள்.

இந்த இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் எதுவும் கிடையாது. தீபாவளிக்கு, யுகாதிக்குச் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். ஆனால் வேலை விஷயமாக ஒருவருக்கொருவர் போன் செய்ய மாட்டார்கள். யார் பெரியவர் என்று வரைபடம் சொல்லாததால், முதலில் போன் செய்பவர் சிறியவராகிவிடுவார் என்று இருவருக்குமே ஒரு பயம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஆபீஸ் முழுக்கத் தெரியும். அதனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலையானது. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் அலையும் தரகர்போல நான் அலைந்தேன். தரகருக்காவது இரண்டு வீட்டிலும் சாப்பாடு போடுவார்கள்.

மெஷினைப் பூட்டும் அதிகாரமும் புது ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது. பூட்டினால் உற்பத்தி போகிறது, எனவே ஆலைத் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பூட்டுவது தொழில்நுட்ப முடிவு, எனவே துறைத் தலைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்து கண்ணெதிரே தெரிந்தால் சிவப்புப் பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தி மெஷினை நிறுத்தலாம். அதைத் திரும்ப ஓட்டுவதற்கு மட்டும் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவரே போதும். அவசரத்தில் யாராவது தனியாக ஒரு நல்ல முடிவை எடுத்துவிடக் கூடாது என்பதில் ஆலோசகர்கள் கவனமாக இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் பிரேக் போனது.

பிரஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே கனமான ஓர் இரும்புத் தலை. கீழே அச்சு. அச்சில் தகட்டை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் தலை இறங்கி அடித்துவிட்டு மேலே போய் நிற்கும். நின்ற பிறகு ஆபரேட்டர் கையை உள்ளே விட்டு, அடித்த தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைப்பார். அந்தத் தலை மேலேயே நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் கை உள்ளே போகிறது. அதை நிறுத்திப் பிடிப்பது பிரேக்.

பிரேக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. மெஷினின் பக்கவாட்டில் சுற்றும் தண்டில் ஒரு முள், அதன் அருகே உடம்பில் ஒரு பச்சைக் கோடு, கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புக் கோடு. காலையில் தகடு வைக்காமல் வெறுமனே ஓர் அடி அடித்துப் பார்க்க வேண்டும். தலை மேலே போய் நிற்கும்போது முள் பச்சையில் நின்றால் சரி. பச்சையைத் தாண்டினால் பிரேக் வழுக்குகிறது, கவனிக்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் பேச்சே கிடையாது, நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர்கூடப் புரிந்துகொள்ளலாம். இன்ஜினியர்களுக்கும் புரியும்.

ஒரு நாள் காலை அந்த முள் சிவப்பைத் தொட்டு நின்றது. இரண்டாவது முறை அடித்தேன், அங்கேயே நின்றது. சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு இரண்டு அதிகாரிகளுக்கும் மெயில் போட்டேன். நான் மெயில் எழுதி முடிப்பதற்குள் வாடிக்கையாளரின் லாரி வந்து நிற்கிறது என்று சூப்பர்வைசர் ஆலைத் தலைவரின் ஆபீசைக் கேட்டிருக்கிறார். "கவனமா ஓட்டச் சொல்லுங்க" என்று பதில் வந்ததாம். நான்காம் நம்பர் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

அந்த பிரஸ்ஸில் ரத்னம்மா என்ற ஆபரேட்டர் இருந்தார். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் காட்டை ஒட்டிய கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கொஞ்சம் நிலம் உண்டு, கேழ்வரகு போடுவார்கள். "யானைங்க சாப்ட்டது போக மீதி தான் சார் எங்களுக்கு. அதான் இங்க வந்தேன்" என்று ஒருமுறை சொன்னார். காண்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் காண்ட்ராக்டர், வேலை சொல்பவர் சூப்பர்வைசர், குறை சொல்பவர் குவாலிட்டிக்காரர், கவனமாக இருக்கச் சொல்பவன் நான். மேட்ரிக்ஸ் எங்களுக்குத்தான் புதிது.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இந்த மெஷின்ல உக்கார மாட்டேன்னு சொன்னா என்ன சார் ஆவும்?" என்று கேட்டார். என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். காண்ட்ராக்டர் அவருடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு அடுத்த நாளே வேறொரு பெண்ணை அதே ஸ்டூலில் உட்கார வைப்பார். அந்தப் பெண்ணுக்கும் இரண்டு கைதான் இருக்கும். ரத்னம்மாவே பதில் சொல்லிக்கொண்டார். "மகளு நர்சிங் படிக்கிறா சார். முடியற வரைக்கும் நான் போவ முடியாது."

கை உள்ளே போகாமல் தகட்டை எடுக்க ஒரு நீள இடுக்கி செய்து கொடுத்தேன். அப்போதைக்கு என் அதிகாரத்துக்குள் இருந்தது அந்த இடுக்கி ஒன்றுதான். அதற்கும் எதிர்ப்பு வந்தது. இடுக்கியால் எடுத்தால் உற்பத்தி குறைகிறது என்றார் காண்ட்ராக்டரின் ஆள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் ரத்னம்மா இடுக்கியை மடியில் வைத்துவிட்டுக் கையை விடுவார். தூரத்திலிருந்து அதைப் பார்ப்பேன்.

மெயிலுக்குப் பதில்கள் வந்தன. நிறுத்துவதில் தமக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, ஹெக்டே அவர்களின் ஒப்புதலுக்கு உட்பட்டு என்று பழனிச்சாமி சார் எழுதியிருந்தார். பிரேக்கை மாற்றுவதற்கு முழு ஆதரவு, பழனிச்சாமி அவர்களின் ஒப்புதலுக்கு உட்பட்டு என்று ஹெக்டே சார் எழுதியிருந்தார். இரண்டு சம்மதம் கையில் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன், மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். இரண்டு பேரும் சரி என்கிறார்கள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அடுத்த சில நாளில் ஒரு மத்தியானம் ரத்னம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்த இடுக்கி. முனை இரண்டும் அப்பளம்போலத் தட்டையாக இருந்தன. மேலே நின்ற தலை, அவர் தகட்டை எடுக்கும்போது தானாக வழுக்கி இறங்கியிருக்கிறது.

"வேற இடுக்கி குடுங்க சார். இது சப்பையாயிடுச்சு" என்றார்.

அழவில்லை, கத்தவில்லை. இடுக்கியைக் கம்பெனிப் பொருளாயிற்றே என்று பத்திரமாக மேசைமேல் வைத்தார். அவரை அன்றைக்கு வேறு மெஷினில் போடச் சொல்லிவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு நேராகப் பழனிச்சாமி சாரிடம் போனேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அடப் பாவமே" என்றார். பிறகு, "ஹெக்டே என்னங்க சொல்றாரு?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னா சரிங்கறாரு சார்."

"நான் எப்பவோ சரின்னுட்டனுங்களே. அவரு ஒரு வார்த்த எனக்குச் சொல்லச் சொல்லுங்க. பண்ணிரலாங்க." மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

காரை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனேன். ஹெக்டே சார் இடுக்கியைத் தன் மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்தார். "இது சீரியஸ் மாதையா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிரேக்கில் உரசிப் பிடிக்கும் லைனிங் புதுசு ஒரு செட் தன் துறைச் செலவில் வாங்கி ஓசூர் ஸ்டோரில் எப்போதோ வைத்துவிட்டதாகவும் சொன்னார். "நான் ரெடி. மெஷின் டைம் அவருது அல்லவா? அவரு குடுக்கட்டும்."

"அவருக்கு நீங்க ஒரு போன் போட்டா இப்பவே முடிஞ்சிரும் சார்."

அவர் ஸ்கேலை எடுத்து டிராயரில் வைத்தார். "அவரு பண்ணட்டுமே" என்றார்.

திரும்பி வரும்போது அந்த நெரிசலில் உட்கார்ந்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்டவர்கள் என்றால் மனசுக்கு ஒரு சமாதானமாவது கிடைக்கும். இவர்கள் இரண்டு பேரும் இடுக்கியைப் பார்த்து மனசார வருந்திய நல்லவர்கள். நடுவில் ஒரு போன் கால் மட்டும் யாருடையதும் இல்லாமல் கிடந்தது.

மறுநாள் ரத்னம்மா மறுபடி நான்காம் நம்பரில் புது இடுக்கியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சார், எல்லாரும் சேந்து மெஷினுக்கு ஒரு பூசணிக்கா சுத்திப் போடறோம் சார். சூப்பர்வைசர கேட்டா உங்கள கேக்கச் சொல்றாரு."

இதெல்லாம் எதற்கு, கவனமாக இருந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. எந்தெந்த வேலைக்கு யார் யார் ஒப்புதல் வேண்டும் என்று ஆலோசகர்கள் ஒரு பெரிய அட்டவணை போட்டிருந்தார்கள். டீ கப் வாங்குவது வரைக்கும் அதில் வரி உண்டு. பூஜைக்கு வரி கிடையாது.

பழனிச்சாமி சாரிடம் போனேன். "தொழிலாளிங்க நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பூஜை போடணும்னு ஆசப்படறாங்க சார்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "தாராளமா பண்ணிரலாங்க. நல்ல நாளா பாருங்க. வெள்ளிக்கெழம வெச்சுக்கலாங்களா?"

"மெஷின காலையில இருந்து நிறுத்தணும் சார். ஆயுத பூஜைக்குப் பண்றாப்பல எல்லாத்தையும் கழட்டிக் கழுவணும்."

"ஓடற மெஷினுக்கு எப்படிங்க பூஜை பண்றது? நிறுத்துங்க." ஹெக்டே என்ன சொல்கிறார் என்று அவர் கேட்கவில்லை.

ஹெக்டே சாருக்குப் போன் செய்தேன். "ஒள்ளேது, ஒள்ளேது" என்றார். நல்லது என்று அர்த்தம். "நானும் வர்றேன் மாதையா." டேட்டா கேட்கவில்லை. எல்லா ஆலையிலும் பூஜை உண்டா என்றும் கேட்கவில்லை.

உத்தனப்பள்ளி ரோட்டில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் பூசாரியைப் போய்ப் பார்த்தேன். மொபெட்டில் ஊர் ஊராகப் போய் வண்டி பூஜை, கடை பூஜை செய்பவர். விஷயத்தைச் சொல்லி, பூஜை எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எவ்ளோ நேரம் வேணும்?" என்றார். என் வாழ்நாளில் எந்த ஆலோசகரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"காலை ஷிஃப்ட் முழுக்க வேணும்."

"அப்ப ஓமம் வளத்துடலாம்."

ஓமம் முடியாது என்றேன். புகை வந்தால் கூரையிலிருக்கும் கருவி கத்தும், அது சென்னை ஆபீசுக்குப் பதில் சொல்லும் கருவி, மூன்றாவது கோடு ஒன்று முளைத்துவிடும். அவர் யோசித்தார். "சரி, திரை போட்டு அலங்காரம் பண்ணிருவோம். வெளிய ஒவ்வொருத்தர் பேருக்கா அர்ச்சனை ஓடட்டும். பேரு, நட்சத்திரம், குடும்பம், எல்லாம் சொல்லணும். நீங்க கண்ணக் காட்டற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்."

ஸ்டோரில் போய் பிரேக் லைனிங் கேட்டேன். அது துறையின் பொருள் ஆயிற்றே, எந்தக் கணக்கில் கொடுப்பது என்று ஸ்டோர்க்காரர் தயங்கினார். பூஜைக் கணக்கு என்றேன். கற்பூரத்தோடும் வாழைப்பழத்தோடும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான்காம் நம்பருக்கு முன்னால் ஒரு பட்டுத் துணியைத் திரையாகக் கட்டினோம். கோயிலில் அலங்காரம் முடியும் வரை சாமியை மறைப்பது வழக்கம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். திரைக்கு வெளியே பூசாரி, தேங்காய், பழம், பிரஸ் லைன் ஆட்கள் எல்லோரும். திரைக்கு உள்ளே நானும் பிட்டர் முனிராஜும் இன்னும் இரண்டு பேரும் ஸ்பேனரோடு. இரும்புத் தலை இறங்காதபடி கட்டை கொடுத்து, மெயின் சுவிட்சைப் பூட்டி, பல வருடத்துக்குப் பிறகு சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பிரேக்கைத் திறந்ததும் முனிராஜ் டார்ச்சைக் கிட்டே பிடித்தான். லைனிங் தேய்ந்து உள்ளே இருந்த ரிவிட் தெரிந்தது. ஓரத்தில் ஒரு துண்டே இல்லை. விரிசல் மறு ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது. "சார், இது வழுக்கல. இது விடறதுக்குத் தயாரா இருந்திருக்குது" என்று காதருகே சொன்னான்.

வெளியே அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. பழனிச்சாமி சார் பேர் முடிந்தது, ஹெக்டே சார் பேர் முடிந்தது, அவர்கள் பிள்ளைகள் பேரும் முடிந்தது. ஹெக்டே சார் வழியில் வாங்கிய மாம்பழக் கூடையோடு வந்திருந்தார். திரையின் ஓரத்தால் பார்த்தேன். இருவரும் கைகூப்பிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அந்தத் தோளும் இந்தத் தோளும் உரச நின்றும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முனிராஜ் ஒரு போல்ட்டைச் சுத்தியால் தட்டினான். "உள்ள என்னங்க சத்தம்?" என்று பழனிச்சாமி சார் கேட்டார். பூசாரி உடனே மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு முனிராஜ் தட்டும்போதெல்லாம் மணி அடித்தது.

நட்சத்திரம் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சாமி பேருக்கே அர்ச்சனை என்று பூசாரி இரண்டு முறை செய்தார். பிரேக் மாட்டி, பூட்டைத் திறந்து, கட்டையை எடுத்துவிட்டு, மணிச் சத்தத்தோடு சேர்த்து வெறும் அடி ஒன்று அடித்துப் பார்த்தோம். முள் பச்சைக் கோட்டின் நடுவில் போய் நின்றது. மறுபடியும் மறுபடியும் அங்கேயே நின்றது. அவசரம் அவசரமாக மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையைப் போட்டு, பூசாரிக்குக் கண்ணைக் காட்டினேன். திரை விலகியது. கற்பூரம் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. பூசாரி கையில் மாலையும் தேங்காய் மூடியுமாக என்னருகே வந்து, "மொத மரியாத யாருக்குங்க?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. வரைபடம் போட்ட ஆலோசகர்களாலேயே பதில் சொல்ல முடியாத கேள்வி இது. இரண்டு அதிகாரிகளும் வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றார்கள். பூசாரி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "வண்டின்னா ஓட்டறவருக்குத் தான் மொதல்ல. இத ஓட்டறது யாரு?" என்று சத்தமாகக் கேட்டார். ரத்னம்மாவை எல்லோரும் முன்னால் தள்ளிவிட்டார்கள். மாலையை வாங்கக் கூச்சப்பட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு அதிகாரிகளின் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

எல்லோரும் போன பிறகு பழைய லைனிங்கை இருவரிடமும் காட்டினேன். ஹெக்டே சார் விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காருக்குப் போனார். பழனிச்சாமி சார் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேங்க, மாதையன்."

"சொன்னேன் சார். இடுக்கியையும் காட்டினேன்."

அவர் லைனிங்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆமாங்க, காட்டுனீங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அந்த மாத ஆய்வுக் கூட்டத்தில் தொழிலாளர் நல்லுறவுக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பூஜையைப் பழனிச்சாமி சார் திரையில் காட்டினார். பழுது வருமுன் பிரேக் மாற்றியதை ஹெக்டே சார் தன் திரையில் காட்டினார். இரண்டுக்கும் கைதட்டல். கூடவே இனிமேல் மெஷின்களுக்குப் பூஜை செய்வதென்றால் இரண்டு தலைவர்களின் ஒப்புதலும் பெற வேண்டும் என்று அட்டவணையில் ஒரு புது வரி சேர்த்தார்கள்.

சில வாரம் கழித்து ரத்னம்மா என்னையும் சாந்தியையும் அந்த மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். லீவு போட்டதற்குக் காண்ட்ராக்டர் அன்றைய கூலியைப் பிடித்துவிட்டாராம். கோயில் வாசல் கடையில் கண், கால், கை என்று தகட்டில் அச்சடித்த உருவங்களை விற்பார்கள். வேண்டிக்கொண்டவர்கள் வாங்கி உண்டியலில் போடுவார்கள். ரத்னம்மா ஒரு கையை வாங்கினார்.

"எப்ப வேண்டிக்கிட்டீங்க?" என்று சாந்தி கேட்டாள்.

"இடுக்கி சப்பையான அன்னிக்கே வேண்டிக்கினேன்க்கா. சார் கார எடுத்துக்கினு பெங்களூர் போனாரில்ல, அப்ப." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரு கிட்ட கேட்டீங்க சார். நான் ஒருத்தி கிட்ட தான் கேட்டேன். சட்டுனு ஆயிடுச்சு."

சாந்தி என்னைப் பார்த்தாள். திரைக்கு உள்ளே நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தாள். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன். ரத்னம்மா அந்தத் தகட்டுக் கையைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டார். உள்ளே அது மற்ற தகடுகள்மேல் விழும் சத்தம் கேட்டது. பிறகு தட்டிலிருந்த குங்குமத்தைத் தன் கையால் எடுத்து, சாந்தியின் நெற்றியில் வைத்துவிட்டார்.